உன் பக்கத்துல இன்னா கீது?

மூக்குக் கண்ணாடி வைக்கிற பழுப்பு நிறக் கூடு ஒன்று என் கைப்பையில் கிடக்கிறது. நான் கண்ணாடி போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். மூடியைத் திறந்தால் உன் கடையில் லென்ஸ் துடைக்கிற தண்ணீரின் வாசனை இன்னும் வருகிறது. உள்ளே மடித்த துணி, அதன்மேல் எட்டு எட்டாகச் சுற்றி வைத்த ஒயர் ஹெட்செட். இடது முனையில் அடையாளத்துக்கு நீ வைத்த சிவப்பு நகப்பூச்சு பாதி உரிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். ஷேர் ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தவர் வாசற்படி ஏறவில்லை, காபியும் வேண்டாம் என்றார். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அவர் சட்டை இரண்டு அளவு பெரிதாகிவிட்ட மாதிரி தொங்கியது.

"இது உங்களுதுமா. பாதி என்னுது, பாதி அவளுதுன்னு சொல்லிக்கினே இருப்பா. நான் வச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன்? ஒரு நாளு ரெண்டு காதுலயும் மாட்டிப் பாத்தேன், மண்ட காஞ்சிபோச்சு. அவளுக்கு அந்த பேஜாரு இல்ல, ஒரு காதுதான்."

"ஒரு காதா?" என்றேன்.

"ரைட்டு காது கேக்காதுல்ல அவளுக்கு. ஏழாங்கிளாஸ் படிக்க சொல்ல காய்ச்சல்ல போனது. உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

தெரியாது. ஒன்பது வருடம் ஒரே வண்டியில், ஒரே பெண்கள் பெட்டியில், ஒரே ஹெட்செட்டின் இரண்டு முனைகளை இரண்டு பேரும் காதில் வைத்துக்கொண்டு போனோம். எனக்குத் தெரியாது. ரத்தத்தில் ஒரு துளி கூடக் குறைய இருந்தால் கண்டுபிடிக்கிறவள் என்று பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு காது கேட்காது என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி எங்கே அனுப்புவாய் என்று கேட்டு மடக்காதே.

முதல் நாளிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். நான் தாம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏழு பத்து வண்டி. பூக்கார அக்கா கூடையைக் காலுக்கிடையில் வைத்துத் தொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நீ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் காதிலிருந்து ஒழுகிய சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு காலாலும் டிரம்மை உதைக்கிற 'மெட்டல்' சமாச்சாரம் என்று. கல்பாக்கம் குடியிருப்பில் என் அண்ணன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் போடுவான். அப்பா வெளியே நின்று கதவை உதைப்பார். அண்ணன் வெளிநாடு போன பிறகு நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை.

"இன்னாமா, சாமி பாட்டா?" என்று பூக்கார அக்கா உன் தோளைத் தட்டிக் கேட்டார்.

ஒரு முனையை எடுத்துக் கேட்டுவிட்டு, "ஆமாக்கா" என்றாய், பக்தியோடு. திரும்ப மாட்டிக்கொண்டாய்.

நான் சிரித்துவிட்டேன். எழுந்து வந்து உனக்கு வலப்பக்கம் இருந்த இடத்தில் உட்கார்ந்து, "இது எந்த பேண்டுங்க?" என்று கேட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். திரும்பவில்லை. சரியான திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டுதான் கையைத் தொட்டேன். நீ என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாய். பிறகு எழுந்து, என்னைத் தாண்டி வந்து, எனக்கு வலப்பக்கம் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு முனையைக் கழற்றி என்னிடம் நீட்டினாய். வேடிக்கையான பெண் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நீ எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்ததில்லை. இடம் இல்லாவிட்டால் எனக்கு வலப்பக்கமாக நின்றுகொண்டே வருவாய்.

உனக்கு எப்படி இந்தப் பாட்டெல்லாம் பழக்கம் என்று கேட்டேன். "மொபைல் கடையில மெமரி கார்டுல மெலடி பாட்டு ஏத்திக் குடுன்னேன். பேமானி இத ஏத்தி வுட்டுட்டான். மொத நாளு திட்டிக்கினே கேட்டேன். ரெண்டாவது நாளு திட்டுறதுக்குன்னே கேட்டேன். மூணாவது நாளு கேக்காம தூக்கம் வர்ல" என்றாய். இப்படி ஒரு பதில் சொல்கிறவளை விடக்கூடாது என்று அங்கேயே முடிவுசெய்துவிட்டேன்.

அந்தக் கார்டில் ஆல்பங்களுக்குப் பெயர் கிடையாது, எண்கள்தான் இருந்தன. அட்டைப்படத்தில் எழுதியிருப்பதைப் படிக்கலாம் என்றால் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுவைத்த மாதிரி எழுத்து. அதனால் படத்தைப் பார்த்து நாமே பெயர் வைத்தோம். ஆட்டுத்தலை. மொட்டை மரம். ஈரச் சுவர். கிணறு. பின்னால் போனிலேயே தேடி எடுத்துக் கேட்கத் தொடங்கிய பிறகும், உண்மைப் பெயர் தெரிந்த பிறகும், நாம் வைத்த பெயரைத்தான் சொன்னோம்.

செங்கல்பட்டில் ஏறித் தாம்பரத்தில் இறங்குவதற்குள் ஒரு ஆல்பம் முடிந்துவிடும். முடியாவிட்டால் அது நீளமான ஆல்பம், அது அதன் குற்றம். கொளவாய் ஏரி ஜன்னலை விட்டுப் போவதற்குள் முதல் பாட்டு பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டுத்தலை, சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் வருவதற்குள் மூன்று பாட்டை முடித்துவிட்டு மூச்சு வாங்காமல் நிற்கும். எனக்கு அது உயிர். நீயோ, "பொத்தேரில தொங்கிடுச்சுடி. காட்டாங்கொளத்தூர்ல போட்ட அதே பாட்டுக்கு வேற சட்ட மாட்டி வுட்டிருக்கான்" என்பாய். மொட்டை மரத்தில் ஒரே வாசிப்பைப் பன்னிரண்டு நிமிடம் இழுப்பார்கள். வண்டலூருக்கு முன்னால் சிக்னலுக்காக வண்டி நின்ற ஒரு நாளில்தான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. ஈரச் சுவர் பாடகன் மூக்கால் அழுகிறவன். அவனுக்கு எங்கேயாவது ஒரு வேலை வாங்கிக் கொடுத்தால் பாட்டு நின்றுவிடும் என்று நான் சொன்னதற்கு உனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் அழுவல. சலிச்சுப்போய்ப் பேசுறான். ரெண்டும் வேற வேற."

நீ தீர்ப்புச் சொல்கிற முறை உன் கடையிலிருந்து வந்தது. பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "மொதல்ல இது. இப்ப இது. எது தெளிவா கீது?" என்று கேட்பாயே, அதே முறைதான். இந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு, அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு. எது தெளிவாக இருக்கிறது? நல்லது, மோசம் என்ற பேச்சே உனக்குக் கிடையாது. தெளிவா கீது, மங்கலா கீது, அவ்வளவுதான். தாம்பரம் நடைமேம்பாலத்தின் உச்சிப்படிக்குள் இரண்டு பேரும் தீர்ப்பைச் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்து நீ மேற்கே உன் கடைக்கு, நான் கிழக்கே என் பரிசோதனைக் கூடத்துக்கு. படியில் நாம் போட்ட சண்டையைக் கேட்டவர்கள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொரு விதியும் போட்டோம். புது ஆல்பத்தை யாரும் தனியாகக் கேட்கக் கூடாது, கேட்டால் துரோகம். எனக்கு அந்த விதியைக் காப்பாற்றுவது சுலபமாக இருந்தது. வீட்டில் மாமியார், பள்ளிக்குப் போகிற பிள்ளை, குக்கர் விசில். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு சமையற்கட்டில் நிற்க முடியாது. உனக்கு அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்று நான் யோசித்ததே இல்லை.

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் உன் முனையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்பாய்: "உன் பக்கத்துல இன்னா கீது?"

நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். சிலர் சாப்பிடும்போது 'உப்பு இருக்கா' என்று கேட்பார்களே, அந்த மாதிரி ஒரு பழக்கம். "அதேதாண்டி. உன் பக்கத்துல இருக்கறதுதான் என் பக்கத்துலயும்" என்பேன். சில நாள் அதுகூடச் சொல்லமாட்டேன். கையை ஆட்டிவிட்டு அடுத்த பாட்டைப் போடச் சொல்வேன். நீயும் தலையாட்டிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொள்வாய். மாட்டிக்கொண்ட பிறகு நான் கூப்பிட்டால் உனக்குக் கேட்காது. பாட்டில் அப்படி ஒன்றிப்போகிறாள் என்று நான் பொறாமைகூடப் பட்டிருக்கிறேன். கேட்கிற ஒரே காதையும் நீ பாட்டுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்திருக்க வேண்டுமோ? அதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரர் வந்துபோன மறுநாள், திங்கட்கிழமை, ஏழு பத்து வண்டியில் உட்கார்ந்து கூட்டைத் திறந்தேன். முதல் தடவையாக இரண்டு முனைகளையும் என் இரண்டு காதிலும் வைத்துக்கொண்டேன். துரோகம்தான், மன்னித்துக்கொள். ஆட்டுத்தலையைப் போட்டேன். ஏரி தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். நான் ஒன்பது வருடமாகக் கேட்ட ஆல்பம் இல்லை அது. இடது பக்கத்தில் இன்னொரு கிடார் இருந்தது. அந்தக் கிடார்காரன் ஓடுகிறான், ஏறுகிறான், நாலாவது பாட்டில் தனியாக நின்று கதறுகிறான். "ரெண்டாவது ஆளு தூங்கறான்" என்று நான் தீர்ப்புச் சொன்ன அதே ஆள்தான் அவன். "அவன்தாண்டி மொத்த வேலையும் பாக்கறான்" என்று நீ படியில் நின்று கத்தினாய். கதை விடாதே என்றேன் உன்னை.

மறைமலை நகரில் ஒரு முனையைக் கழற்றினேன். பிறகு அதை மாட்டி மற்றதைக் கழற்றினேன். மொதல்ல இது. இப்ப இது. ஒலிப்பதிவு செய்கிறவர்கள் ஒரு கிடாரை இந்தக் காதுக்கும் இன்னொன்றை அந்தக் காதுக்கும் பிரித்து வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. அண்ணன் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை அறையின் இரண்டு மூலையில் வைத்துக்கொண்டு நடுவில் உட்காருவானே, வேறு எதற்காக? தெரிந்த விஷயத்தை நமக்குப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு ஆல்பத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு, முழுசுக்கும் தீர்ப்புச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறோம். நீ சொன்னதும் சரி. நான் சொன்னதும் சரி. அப்படியென்றால் நாம் சண்டை போட்டது எதைப் பற்றி?

ஈரச் சுவரில் மூன்றாவது பாட்டு நினைவிருக்கிறதா? அந்த அழுமூஞ்சி ஆல்பத்தில் எனக்குப் பிடித்த ஒரே பாட்டு. கூடுவாஞ்சேரியில் அது வந்தால் நான் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வருவேன். "இதுல இன்னா கீதுன்னு இப்டி உருகற?" என்று கேட்டாய். உனக்கு ரசனை இல்லை என்றேன். அந்தப் பாட்டு முழுக்க ஒரு பியானோ, ஒற்றை விரலால் தட்டுகிற மாதிரி மெல்லியதாக வருகிறது. அது வலது பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. இடது பக்கத்தில் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. பியானோ என்ற ஒரு வார்த்தையை நான் உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்.

இப்போது எனக்கு எந்த ஆல்பம் பிடிக்கும், எது பிடிக்காது என்றே தெரியவில்லை. இரண்டு காதிலும் கேட்டால் யாரோ தெரியாதவர்களின் பாட்டு மாதிரி இருக்கிறது. என் பாதியை மட்டும் கேட்டால் நீ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது, திரும்பினால் இல்லை. மொட்டை மரம் உண்மையிலேயே நல்ல ஆல்பமா, இல்லை உன்னோடு சிக்னலில் நின்றதால் நன்றாக இருந்ததா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

மாமல்லபுரத்துக்கு வருகிறேன். அங்கே வராமல் இந்தக் கடிதம் முடியாது.

பெண்கள் பெட்டிக்காரர்கள் ஏழு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். பூக்கார அக்கா புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கோயிலைத் தாண்டி மணலில் வடக்கே நடந்தபோது நீ கடல் பக்கம், எனக்கு வலப்பக்கம் நடந்தாய். திரும்பி வரும்போது சட்டென்று மாறிக் கரைப் பக்கம் வந்துகொண்டாய். அலை என் புடவையை முழங்கால்வரை நனைத்தது. "உன் காலு மட்டும் நனையக் கூடாதோ?" என்றேன். நீ சிரித்தாய். உன் காதுக்காகத்தான் இடம் மாறினாய் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குச் சாமர்த்தியக்காரி என்று நினைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் பூக்கார அக்காதான் ஆரம்பித்தார். "டெய்லி ரெண்டு பேரும் இன்னாதான் கேட்டுக்கினு வர்றீங்க? எங்க காதுலயும் போடுங்க." அப்போது நமக்குள் கிணறு ஆல்பத்தைப் பற்றித் தகராறு நடந்துகொண்டிருந்தது. அதன் கடைசிப் பாட்டு பெருங்களத்தூர் தாண்டியதும் எனக்கு முடிந்துவிடும். வெறும் காற்றுச் சத்தம்தான் மிஞ்சும். நான் எழுந்து பையை மாட்டிக்கொண்டு உன்னை இழுப்பேன். நீ நகரமாட்டாய். "இன்னும் கீதுடி" என்பாய். "முடிஞ்சிடுச்சு, எழுந்திரு. ஜனம் ஏறிடும்" என்று உன் காதிலிருந்து நானே பிடுங்கியிருக்கிறேன், எத்தனையோ நாள். கடைசியில் ஒரு பெண் குரல் வருகிறது என்று நீ சத்தியம் செய்தாய். ஆம்பளைகள் மட்டும் இருக்கிற பேண்டில் பெண் எங்கிருந்து வந்தாள் என்று நான் கிண்டல் செய்தேன்.

சரி, இவர்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்று நீதான் அந்தப் பாட்டைப் போட்டாய். எனக்கு நல்ல ஞாபகம். உன் முனையை நீ மாட்டிக்கொண்டாய். என் முனையை நான் கழற்றிப் பூக்கார அக்கா காதில் வைத்தேன். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி வந்தபோது நீ அவர் கையைப் பிடித்து, "இப்ப கேளுங்கக்கா, பாடுறா பாருங்க" என்றாய்.

"ஒண்ணும் இல்லியேமா. பாட்டு நின்னு பூட்ச்சே" என்று உதட்டைப் பிதுக்கினார் அக்கா.

நீ உன் முனையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாய். "உன் பக்கத்துல இல்லவே இல்லியா?"

"யார் பக்கத்துலயும் இல்ல. செவிடாடி நீ?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் சிரித்தாய் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. உண்மையிலேயே அப்படித்தான் சிரித்தாயா, இல்லை தெரிந்த பிறகு நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா? எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் பிடிபடவில்லை. ஒயரைச் சுற்றிக் கூட்டில் வைத்து மூடினாய், அது நிச்சயம். திரும்பும் பஸ்ஸில் முன் இருக்கையில் இடம் கிடைத்து உட்கார்ந்துகொண்டாய், அதுவும் நிச்சயம்.

திங்கட்கிழமை நீ ஏழு பத்துக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. புதன்கிழமை ஒரு செய்தி அனுப்பினாய்: கடை இனிமேல் பத்தரைக்குத்தான் திறக்கிறார்களாம், பிந்தின வண்டியில் வருகிறேன். நான் நம்பவில்லை. கோபித்துக்கொண்டு போகிறாள், போகட்டும், அவளே வரட்டும் என்று இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐந்து மாதம் நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. பிறகு பூக்கார அக்காதான் சொன்னார், உனக்குக் காய்ச்சல் என்று. சரியாகட்டும், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நீ வெள்ளிக்கிழமையே போய்விட்டாய்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் வாசலில் நின்ற உன் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "அண்ணே, அவளுக்கு என் மேல கோவமா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "கோவமா? அப்டி ஒண்ணும் சொல்லலியேமா. கட டைம மாத்தி வுட்டாங்க, அதான் லேட்டு வண்டி. ஒண்ணு மட்டும் சொல்லிக்கினு இருப்பா, இப்பல்லாம் பாட்டு பாதிதான் கேக்குதுன்னு. ஹெட்செட் ரிப்பேருபோலன்னு நான் புதுசு வாங்கித் தரேன்னேன். வாணாம்னுட்டா."

கடை நேரம் உண்மையாகவே மாறியிருக்கிறது. அப்படியென்றால் கோபமே இல்லையா? கோபம் இல்லாவிட்டால் ஏன் கூப்பிடவில்லை? ஒருவேளை நான் கோபமாக இருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டாயோ? பாதிதான் கேட்கிறது என்று நீ சொன்னது என்னைத்தானா, ஹெட்செட்டையா? ஹெட்செட்டை நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது. உன் காதைப் பற்றி ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் நான் இரக்கப்பட்டு எல்லாத் தீர்ப்புக்கும் தலையாட்டுவேன், சண்டை போடமாட்டேன் என்றா? அப்படி இருந்தால் நீ நினைத்தது சரிதான். நான் அப்படிச் செய்யக்கூடியவள்தான். ஆனால் இதுவும் நானாகக் கட்டிக்கொள்கிற காரணம்தானே. நீ சொல்லாததற்குக் காரணமே இல்லாமலும் இருக்கலாம். உன்னைச் செவிடா என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்குக் குழப்பமில்லாமல் தெரிகிறது. கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கிணற்றைப் போட்டேன். சிவப்புப் பொட்டு வைத்த உன் முனை மட்டும், என் இடது காதில். வலது முனையைப் பக்கத்துக் காலி இடத்தில் வைத்தேன். பெருங்களத்தூர் வந்தது. கடைசிப் பாட்டு மெல்ல அடங்கியது. எல்லோரும் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்கள். என் காலும் தானாக எழப் பார்த்தது, உட்கார்ந்துகொண்டேன்.

வந்தாள்.

கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, மிகவும் சின்னக் குரல். பாட்டுகூட இல்லை, நாலு சுரத்தை வைத்துக்கொண்டு முனகுகிறாள், திரும்பத் திரும்ப. வண்டி தாம்பரத்தில் நின்றது. இறங்கினார்கள், ஏறினார்கள், யாரோ என் காலை மிதித்தார்கள். வண்டி கிளம்பிவிட்டது. அவள் இன்னும் முனகிக்கொண்டிருந்தாள். நான் உன்னைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு போன எல்லா நாளும் இவள் இங்கேயே இப்படியே இருந்திருக்கிறாள். அடுத்த ஸ்டேஷன், சானடோரியம் வரும்போதுதான் முடிந்தது.

அங்கே இறங்கி எதிர்வண்டி பிடித்து வருவதற்குள் அரை மணி நேரம் பிந்திவிட்டது. சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்த எட்டுப் பேர் வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்தார்கள். "இன்னாமா, நாஸ்தா துன்னாம எவ்ளோ நேரம் குந்திக்கினு இருக்கறது?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். மன்னிச்சிக்கோங்க ஐயா, பாட்டு முடியலை என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

இந்த வாரம் மூன்று நாள் சானடோரியம்வரை போய்விட்டேன். வேலைக்கு உலை வைக்கப்போகிறேன் என்று கூட வேலைசெய்கிற பெண் சொல்கிறாள். எனக்கு வலப்பக்கத்தில் பையை வைத்து இடம் பிடிக்கிறேன். யாராவது கேட்டால் எடுத்துவிடுகிறேன், அவ்வளவு பைத்தியம் ஆகவில்லை. கண்ணாடிக் கூடு கைப்பையில் எப்போதும் இருக்கிறது.

நேற்றுப் பூக்கார அக்காவிடம் சிவப்புப் பொட்டு முனையைக் கொடுத்து, கிணற்றின் கடைசியைக் கேட்க வைத்தேன். பூத் தொடுக்கிற கை நின்றுவிட்டது. "அட, ஆமாம்மா. யாரோ ஒருத்தி அளுவறா" என்றார். அழவில்லை அக்கா, முனகுகிறாள், இரண்டும் வேற வேற என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது.

சரி. ஒன்பது வருடம் கேட்டாயே, பதில் சொல்லிவிடுகிறேன். என் பக்கத்தில் ஆட்டுத்தலையில் ஒரே ஒரு கிடார், நேராக வாசிக்கிறவன், நல்ல பையன், ஆனால் உன் ஆள் அளவுக்கு இல்லை. மொட்டை மரத்தில் என் பக்கம் தட்டுச் சத்தம் அதிகம், இடி முழுக்க உன் பக்கம். ஈரச் சுவர் மூன்றாவது பாட்டில் ஒரு பியானோ. ஒற்றை விரல், மெதுவாக, கூடுவாஞ்சேரியிலிருந்து ஊரப்பாக்கம்வரை. அதற்காகத்தான் உருகினேன். கிணற்றின் கடைசியில் என் பக்கம் ஒன்றுமே இல்லை. இன்றைக்குக் காலையில்கூட வலது முனையை மட்டும் வைத்துக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். வெறும் காற்றுச் சத்தம். உன் பக்கம் அவள் முனகுகிற நேரம் முழுக்க என் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.